ஏழாம் சந்து, பதினாலாம் தட்டு

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மேனேஜர் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில் மேனேஜர். அவருக்கு இடப்பக்கம், திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கம்ப்யூட்டரம்மா. வலப்பக்கம், கைப்பிடி வைத்த நாற்காலியில், கால்மேல் கால் போட்டு, பிக்கிங் ஆட்களின் தலைவர். கதவோரம் வாட்ச்மேன், அவருக்கு நாற்காலி போடும் வழக்கமில்லை. மூலையில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், மடியில் தபால்களை வைத்து முகவரி எழுதிக்கொண்டே தபால் அக்கா. மேசைக்கு எதிரே, ஒரு கால் குட்டையான ஸ்டூலில் நிரப்புக்காரர்.

ஸ்டூல் ஆடிக்கொண்டே இருந்தது. ஸ்டூல் ஆடியதால் அவர் ஆடினாரா, அவர் கோபத்தில் ஆடியதால் ஸ்டூல் ஆடியதா என்று சொல்வது கஷ்டம்.

"ஏழாம் சந்து, பதினாலாம் தட்டு," என்றார் மேனேஜர். "போன வாரம் மூணு ஷார்ட். மூணும் அதே தட்டு."

கையில் ஆர்டரோடு போன ஆள் தட்டில் சரக்கில்லாமல் திரும்பி வந்தால், அந்தக் குடோனில் அதற்கு ஷார்ட் என்று பெயர். மேலடுக்குகளில் சரக்கு பெட்டி பெட்டியாக இருக்கும். கை எட்டும் கீழ்த்தட்டுகளில் பிரித்து வைத்திருக்கும். பிக்கிங் ஆட்கள் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து ஆர்டருக்கு அனுப்புவார்கள். தட்டு குறைந்தால் திரையில் உத்தரவு வரும். உடனே நிரப்புக்காரர் தூக்கு வண்டியில் ஏறி, மேலேயிருந்து ஒரு பெட்டியை இறக்கி, பிரித்து, தட்டை நிரப்ப வேண்டும். பதினோரு வருஷமாக அந்த வண்டியின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. குளிக்கும்போது மட்டும் குளியலறை ஆணியில் தொங்கும்.

ஏழாம் சந்து காகிதச் சாமான் சந்து. பதின்மூன்றாம் தட்டில் ஸ்டேப்ளர், பதினாலில் கட்டுக்குப் பத்தாகப் பழுப்புக் கவர், பதினைந்தில் பசை பாட்டில்.

"திரையில ஆறு கட்டு காட்டுது. தட்டுல ஒண்ணுகூட இல்ல. திரை பொய் சொல்லுதா, நீங்க பொய் சொல்றீங்களா?"

"நான் எண்ணித்தான் வெப்பேன் சார். எண்ணினதை இன்னொரு தரம் எண்ணுவேன்."

"அப்ப காத்துல கரைஞ்சு போச்சா?"

பிக்கிங் தலைவர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். "மாமாவுக்கும் வயசாகுதில்ல சார். கண்ணு முன்ன மாதிரியா இருக்கும்?"

'மாமா' என்றது மரியாதைக்காக இல்லை. நிரப்புக்காரர் கட்டிக்கொண்டது அவருடைய அக்காவைத்தான்.

"என் கண்ணுக்கு என்னடா கேடு? உன் ஆளுங்க கையைப் பாரு முதல்ல!"

"இங்க மச்சான் மாமன் எல்லாம் வேண்டாம்," என்று மேனேஜர் மேசையைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அந்தத் தட்டுல இன்னொரு ஷார்ட் விழுந்தா வண்டிச் சாவி இவர்கிட்டப் போயிடும். நீங்க இறக்குமேடையில மூட்டை எண்ணலாம்."

பிக்கிங் தலைவரின் பார்வை நிரப்புக்காரரின் இடுப்புக்குப் போய்த் திரும்பியது.

"அப்புறம், போன மாசம் சொன்னதேதான். ஆபீஸுக்குன்னு வெளியில ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது. இருக்கறத வெச்சு ஓட்டணும். எடுத்ததுக்குச் சீட்டு மாசக் கடைசியில குடுத்தாப் போதும். எல்லாரும் போங்க."

தபால் அக்கா மட்டும் தலையாட்டினார். மற்றவர்கள் அதற்குள் எழுந்துவிட்டார்கள்.

நிரப்புக்காரர், கோபம் வந்தால் கத்திவிட்டுப் போகிற ஆளில்லை. கத்திவிட்டு, எழுதுகிற ஆள். தேதி, பொருள், பார்வை, ஒன்று இரண்டு மூன்று என்று பத்தி பிரித்து, அடியில் 'நகல்' என்று போட்டு, யார் யாருக்கு அனுப்புகிறாரோ அத்தனை பேரையும் வரிசையாக எழுதுவார். போன மாதம் மட்டும் ஒழுகும் கூரைக்கு ஒன்று, எரியாத விளக்குக்கு இரண்டு, ஆடுகிற ஸ்டூலுக்கு மூன்று எழுதியிருந்தார். பிக்கிங் ஆட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அவரைக் 'கடுதாசி' என்று கூப்பிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். அதைப் பற்றியும் ஒன்று எழுதியிருந்தார்.

அன்று மதியமே பதினாலாம் தட்டைக் கம்ப்யூட்டரம்மாவுக்கு முன்னால் எண்ணி, திரையையும் தட்டையும் ஒன்றாக்கினார். பிறகு உட்கார்ந்து எழுதினார். 'பொருள்: என்மீது சுமத்தப்பட்ட வீண்பழி.' மேனேஜருக்கு ஒன்று, நகல் ஒன்பது பேருக்கு. நகல் இயந்திரத்தில் எடுத்துத் தபால் மேசைக்குக் கொண்டுபோனார்.

"அக்கா, பத்துப் பேருக்கு."

"வெச்சுட்டுப் போங்க தம்பி. சாயந்தரம் வண்டியில போயிடும்."

"படிச்சுப் பாருங்க, எவ்வளவு அநியாயம்னு புரியும்."

"ஐயோ, அடுத்தவங்க கடுதாசியைப் படிக்கிற பழக்கம் எனக்கு இல்ல. முகவரியை மட்டும் தெளிவா எழுதுங்க, போதும்."

அந்தக் கட்டடத்திலேயே தன்னை மதிக்கிற ஒரே ஆத்மா இவர்தான் என்று நிரப்புக்காரர் நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, யாரும் வருவதற்குமுன் போய் எண்ணினார். திரையில் முப்பத்தொன்று. தட்டில் முப்பது.

மறுபடி எண்ணினார். முப்பது. தட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். தூசியும் ஒரு பேனா மூடியும்தான் இருந்தன.

"ஒண்ணு!" என்று பிக்கிங் தலைவரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். "சரியா ஒரு கட்டு! எவனோ எடுத்திருக்கான்!"

"ஒரு கட்டை எடுத்துட்டுப் போய் எவன் மாமா மாளிகை கட்டப் போறான்?"

"எனக்குக் குழி பறிக்கத்தான்! சாவி உனக்கு வரணும்ல?"

"எனக்கு வந்தா நான் ஏன் வேண்டாங்கப் போறேன்? ஆனா அதுக்காகக் கட்டு திருடற அளவுக்கு நான் இறங்கல."

"இறங்குவே! உன் அக்கா கல்யாணத்துல என் செருப்பை ஒளிச்சு வெச்சவன்தானே நீ!"

"அப்ப எனக்கு ஒம்பது வயசு மாமா!"

நாலு பிக்கிங் ஆட்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று பார்த்துவைத்துக்கொண்டு, இரண்டாவது கடிதத்தில் நாலு பேரையும் சேர்த்தார். விஷயம் முற்றிவிட்டதால் இந்த முறை இருபது பேருக்கு.

புதன்கிழமை காலை எண்ணியபோது இரண்டு கட்டு குறைந்தது.

நிரப்புக்காரருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நேற்று ஒன்று, இன்று இரண்டு. திருடன் பயப்படவில்லை, வளர்கிறான். சந்தின் நடுவில் நின்று ஒரு முடிவுக்கு வந்தார். தட்டு நிறைந்து வழிந்தால் எவன் எத்தனை எடுத்தாலும் ஷார்ட் விழாது. அவ்வளவுதானே?

உத்தரவு எதுவும் வரவில்லை. வராவிட்டால் என்ன? வண்டியில் ஏறி, மேலே இருந்த ஆறு பெட்டியையும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார். நாற்பது கட்டு கொண்ட பெட்டிகள். பதினாலாம் தட்டு நிறைந்தது. மேலே குவித்தார். அப்புறம் இடதுபுறம் ஸ்டேப்ளர்களைத் தள்ளி அங்கே கொஞ்சம், வலதுபுறம் பசை பாட்டில்களைப் பின்னுக்குத் தள்ளி அங்கே நிறைய. முதுகு விட்டுப்போனது. ஆனால் மனசு நிறைந்திருந்தது.

"இப்ப திருடுங்கடா பார்க்கலாம்!" என்றார் காலிச் சந்தைப் பார்த்து.

பிக்கிங் ஆட்களின் கைமெஷின் தட்டின் நம்பரை மட்டும்தான் பார்க்கும். தட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பதினைந்தாம் தட்டில் இருநூறு என்று ஆர்டர் வந்தால் அங்கே முன்னால் இருக்கிறதில் இருநூறு எடுத்துப் பெட்டியில் போட்டு ஒட்டுவார்கள். நிமிஷத்துக்கு இத்தனை என்று அவர்களுக்குக் கணக்கு. நின்று பார்க்க நேரமில்லை.

மதியம் இரண்டு மணிக்கு முதல் போன் வந்தது. பசை பாட்டில் கேட்ட பெரிய கடைக்குப் பசை போகவில்லை. இருநூறு கட்டு கவர் போயிருந்தது.

"ஒட்டறதுக்குப் பசை கேட்டா, ஒட்ட வேண்டியதை அனுப்பியிருக்கீங்களேன்னு கேக்கறான்!" என்று மேனேஜர் கத்தியது இறக்குமேடை வரை கேட்டது. "யார் உங்களை உத்தரவில்லாம இறக்கச் சொன்னது?"

"ஷார்ட் விழக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அதுக்காகக் கூரையையா பிரிச்சுக் கொட்டுவீங்க? திரும்பி வர திங்கட்கிழமை ஆகும். அதுவரைக்கும் மேல ஒரு பெட்டிகூட இல்ல. கீழ இருக்கறதை வெச்சுத்தான் வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட்டணும். ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேன்," என்றார் நிரப்புக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

சாயந்தரம் வீட்டில், தேநீருக்குச் சர்க்கரை டப்பாவைத் திறந்தார். காலி.

"என்ன இது?"

"தீர்ந்து போச்சு," என்றாள் மனைவி. "ஊருக்கெல்லாம் நிரப்பறீங்க. இந்த வீட்டுல ஒரு டப்பாவை நிரப்பினதுண்டா?"

"எல்லாம் உன் தம்பியால வந்தது!"

"சர்க்கரையுமா?"

"என் தட்டுலேருந்து கட்டு கட்டா எடுக்கறான். எனக்குத் தெரியும்."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "என் தம்பியையா திருடன்னு சொல்றீங்க? நேத்து ராத்திரி எனக்குப் போன் பண்ணி, 'மாமா பாவம்க்கா, சரியா சாப்பிடறாரா, தூங்கறாரா'ன்னு கேக்கறான். அவனை!"

"நடிக்கிறான்!"

"என் தம்பி பேரை எந்தக் கடுதாசியிலயாவது எழுதினீங்க, அப்புறம் இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு போடறது யாருன்னு அதுலயே நகல் போட்டுக் கேட்டுக்கங்க."

சர்க்கரை இல்லாத தேநீரைக் குடித்துவிட்டு, அவர் மூன்றாவது கடிதத்தை எழுதினார். மச்சான் பெயரைப் போடவில்லை. 'எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர்' என்று போட்டார். முப்பது பேருக்கு.

வியாழக்கிழமை காலை நகல்களைத் தபால் மேசையில் வைத்துவிட்டு, ஆடுகிற ஸ்டூலை மேனேஜர் அறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து ஏழாம் சந்தின் வாயில் போட்டு உட்கார்ந்தார். கட்டு எடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஆர்டரைக் காட்டச் சொன்னார். எடுத்ததை எண்ணச் சொன்னார். தானும் எண்ணினார்.

மற்ற பதினோரு சந்துகளுக்கும் நிரப்பு உத்தரவு வந்து திரையில் குவிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் சந்தில் பென்சில் ஷார்ட். ஐந்தில் நோட்டு ஷார்ட். ஒன்பதில் எது ஷார்ட் என்று சொல்ல வந்த ஆளை, "ஏழுல இல்லல்ல? போ!" என்று விரட்டினார்.

மதியம் சாப்பாட்டு மணி அடித்தது. பிக்கிங் ஆட்கள் எல்லாரும் போனார்கள். எண்ணினார்: பதினேழு. திரையிலும் பதினேழு. வயிறு கூவியது. அப்போதுதான் தபால் அக்கா அந்தப் பக்கம் வந்தார்.

"அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். நான் ரெண்டு வாய் போட்டுட்டு வந்துடறேன். இந்தச் சந்துக்குள்ள ஒரு பய நுழையாம பார்த்துக்கங்க."

"அதுக்கென்ன தம்பி, நிதானமா சாப்பிட்டு வாங்க. நான் இருக்கேன்."

பத்து நிமிஷத்தில் ஓடி வந்தார். அக்கா ஸ்டூலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஸ்டூலில் ஆடாமல் உட்காரத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"யாராவது வந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா வரல."

அக்கா போனதும் எண்ணினார். பதினாலு.

மறுபடி எண்ணினார், பதினாலேதான். யாருமே வரவில்லை, மூன்று கட்டு போய்விட்டது. சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் இரும்புச் சட்டங்கள், அதற்கு மேல் அவர் எழுதியும் எரியாத விளக்கு. ஒரு நிமிஷம் பயம் வந்தது. அப்புறம் பயத்தைத் தள்ளிவிட்டுக் கோபம் மறுபடி உட்கார்ந்தது. பின்பக்கச் சந்திலிருந்து எவனோ கையை விட்டிருக்கிறான். பிக்கிங் தலைவருக்குத்தான் கை நீளம். சட்டை எடுக்கும்போது மனைவியே சொல்லியிருக்கிறாள்: "என் தம்பிக்கு மட்டும் கை எப்பவும் பத்தாது."

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஏழாம் சந்துக்கே வந்தார்.

"எத்தனை இருக்கு?"

"நாலு சார். நேத்து போன மூணையும் கழிச்சாச்சு, திரையிலயும் நாலு."

"போன வாரம் மூணு தரமும் ஷார்ட் வாங்கினாங்களே, அதே கடை. சாயந்தரம் நாலு மணிக்கு அவங்க ஆர்டர் எடுக்கணும். எவ்வளவு தெரியுமா? நாலு கட்டு."

நிரப்புக்காரர் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நாலும் ஆர்டருக்குப் போச்சுன்னா சாவி உங்களோடதுதான். பேச்சு மாற மாட்டேன். ஒண்ணு குறைஞ்சாலும்..." மேனேஜர் முடிக்காமல் போனார்.

ஒன்றரை மணிக்குக் கடைசியாக எண்ணினார். நாலு. வாட்ச்மேனைக் கூட்டி வந்து சந்தின் வாயில் நிறுத்தினார். பின்பக்கச் சந்தின் இடைவெளியை அட்டை வைத்து அடைத்தார்.

"நாலு மணி வரைக்கும் பிக்கிங் ஆளு ஒருத்தனையும் விடக் கூடாது. புரியுதா? அவங்க தலைவனே வந்தாலும்."

"அவர் வந்தா முக்கியமா விட மாட்டேங்க," என்றார் வாட்ச்மேன்.

இப்போது எழுத நேரம் கிடைத்தது. வாரம் முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் கையில் இறங்கியது. ஏழு பக்கம். 'பார்வை: எனது முந்தைய மூன்று கடிதங்கள், பதில் வரவில்லை.' செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு, வியாழன் மூன்று என்று பட்டியல் போட்டார். இந்த முறை உறவினர் என்று மழுப்பவில்லை. பிக்கிங் தலைவர், என் மனைவியின் தம்பி, என்றே எழுதினார். சோறு கிடைக்காவிட்டால் போகட்டும். தலைமை அலுவலகம், எல்லாக் கிளைகள், எல்லா மேலாளர்கள் என்று எண்ணிக்கொண்டே போய் நாற்பதில் நிறுத்தினார்.

மூன்று மணிக்குத் தபால் மேசையில் நகல்களைப் பொத்தென்று வைத்தார்.

"நாப்பது பேருக்கு அக்கா! இன்னிக்கு வண்டியிலயே போகணும்!"

"நாப்பதா?" அக்கா எழுந்தார். "இருங்க, பார்க்கறேன். உங்களுக்காக ஏதாவது செய்யாம இருப்பேனா?"

தலைமை அலுவலகத்துக்கான கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அதில் கடைசி வரியைக் காலியாக விட்டிருந்தார். நாலு மணிக்கு நடப்பதைப் பார்த்து நிரப்புவதற்காக.

நாலு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது தபால் மேசையைச் சுற்றி எல்லாரும் வந்துவிட்டார்கள். மேனேஜர் மேசையில் சாய்ந்து நின்றார். கம்ப்யூட்டரம்மா வாசல்படியில். தபால் அக்கா தன் நாற்காலியில், முப்பத்தொன்பது தபாலையும் ஒட்டி அடுக்கிவிட்டு. நிரப்புக்காரர் ஸ்டூலில். வெளியே தபால் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் நாலைத் தொட்டது. பிக்கிங் தலைவரே கைமெஷினோடு ஏழாம் சந்துக்குள் போனார்.

உள்ளே கைமெஷின் கீச்சிட்டது.

"ஷார்ட்!"

"எத்தனை?" என்று கத்தினார் மேனேஜர்.

"நாலும் சார்! தட்டு துடைச்ச மாதிரி இருக்கு!"

வாட்ச்மேன் ஓடி வந்தார். "சத்தியமா பிக்கிங் ஆளு ஒருத்தனையும் விடலீங்க!"

மேனேஜர் கையை நீட்டினார். நிரப்புக்காரர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பதினோரு வருஷ முடிச்சு, லேசில் வரவில்லை. சாவி மேனேஜர் கையிலிருந்து, அப்போதுதான் திரும்பி வந்த மச்சான் கைக்குப் போனது. மச்சான் அதை வாங்கிக்கொண்டு, "மாமா, சத்தியமா நான்..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதே!"

நிரப்புக்காரர் பேனாவைத் திறந்து, காலியாக விட்ட வரியில் எழுதினார்: 'இன்று மாலை நான்கு மணிக்கு, அந்தத் தட்டில் இருந்த நான்கு கட்டுகளையும் மேற்படி நபரே அபகரித்துவிட்டார் என்பதை இதன்மூலம் உறுதி செய்கிறேன்.' கையெழுத்துப் போட்டார். ஏழு பக்கத்தையும் ஓரம் பிசகாமல் மூன்றாக மடித்தார். அக்கா நீட்டியதில் செருகி, மடல் ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தி, அழுத்தியதை இன்னொரு முறை அழுத்தினார். தானே ஓடிப்போய் வண்டிக்காரரிடம் நாற்பதையும் கொடுத்தார்.

வண்டி வாசலைத் தாண்டி, திருப்பத்தில் மறைந்தது.

தபால் அக்கா விரலில் ஒட்டிய பசையைத் துணியில் துடைத்துக்கொண்டே, நிம்மதியாகச் சொன்னார்:

"நாப்பது பேருன்னதும் எங்க போறதுன்னு முழிச்சேன் தம்பி, நல்ல வேளை, உங்க கடுதாசிக்கெல்லாம் நான் எப்பவும் எடுக்கற அந்த ஏழாம் சந்துத் தட்டுல, கணக்கா நாலே நாலு கட்டு கவர் மிச்சம் இருந்துச்சு."